சும்மா நம்பர்

எங்கள் கம்பெனிக்கு வந்த முதல் கம்ப்யூட்டருக்கு இன்றைக்கு என்ன தேதி என்று தெரியாது. காலையில் சுவிட்சைப் போட்டதும் அது என்னைத்தான் கேட்கும். நான் அடித்துக் கொடுப்பேன். உள்ளே இருந்த பேட்டரி செத்து மாதக்கணக்காகியிருந்தது. புதிது வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "தேதி சொல்றதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?" என்றார் பர்சனல் ஆபீசர். அதை நகைச்சுவை என்று நினைத்து அவரே சிரித்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிச் சக்கரங்களுக்கு அச்சு, அதாவது ஆக்சில், செய்யும் கம்பெனி. வேப்பம்பட்டில் ரயில் ஏறி, பட்டரைவாக்கத்தில் இறங்கி, லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு நடந்து போய்ச் சேருவேன். கம்ப்யூட்டர் அறையில் ஏ.சி. உண்டு. அது மிஷினுக்காக, எனக்காக அல்ல. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஏதோ கர்ப்பக்கிரகம் என்று நினைப்பு.

என் வேலை எண் அடிப்பது. அச்சுகளைச் சூடேற்றிப் பதப்படுத்தும் உலையின் ஆபரேட்டர், அரை மணிக்கு ஒருமுறை அதன் சூட்டைப் பார்த்துத் துண்டுச் சீட்டில் குறிப்பார். மறுநாள் காலையில் அந்தச் சீட்டுகளை வைத்துக்கொண்டு நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஏற்றி முடித்ததும் சீட்டுகள் குப்பைக்குப் போய்விடும். தினமும் அச்சடிக்கவும் மாட்டோம், பிரிண்டர் ரிப்பன் தேய்ந்துவிடுமாம்.

தொழிலாளர்கள் அந்தப் பெட்டியை நம்பவில்லை. உலை சரியான சூட்டில் ஓடிய நேரத்துக்குத்தான் அவர்களுக்கு ஊக்கத்தொகை. "பேப்பர்ல அடிச்சித் திருத்துனா தெரியும். இதுல மாத்துனா எவனுக்குத் தெரியும்?" என்று யூனியன் செயலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் கம்ப்யூட்டர் படித்த இடத்தில் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஏற்றிய எண்கள் எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டிவிட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகைக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. சூட்டைச் சூட்டோடு கூட்டினால் என்ன அர்த்தம் வரும்? ஆனால் பின்னால் யாராவது எண்களில் கை வைத்தால் கூட்டுத்தொகை மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். நான் சொன்னதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். தினமும் காலையில் அந்த எண்ணை கேட்டில் இருந்த கரும்பலகையில் வாட்ச்மேன் சாக்பீஸால் எழுதுவார். மறுநாள் காலை வரை ஊர் பார்க்க அது அங்கே இருக்கும். தொழிலாளர்கள் அதற்குச் 'சும்மா நம்பர்' என்று பெயர் வைத்தார்கள்.

நான்தான் பெரிய அறிவாளி என்று நாலு நாள் மிதப்பில் இருந்தேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்துப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு எண்ணைச் சொல்லி கேன்டீன் டீ டோக்கன் ஒன்றைப் போடுவார்கள். யார் எண் விழுகிறதோ அவருக்கு அத்தனை டோக்கனும். தினமும் காலையில் பலகை முன்னால் கூட்டம் கூடியதற்கு இதுதான் காரணம். ஊழியர் ஒற்றுமை என்று நான் நினைத்ததெல்லாம் டீ.

இது ஆபத்தான விளையாட்டு. கம்பெனி விதிப்படி வளாகத்துக்குள் சூதாடினால் வேலையை விட்டே நீக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சீட்டாடிய இரண்டு பேரை அப்படி அனுப்பியும் இருந்தார்கள். அதற்குப் பிறகு, முன்பெல்லாம் சும்மா நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் அதை விட்டுவிட்டார்கள். எண் குறித்த காகிதம் சட்டைப்பையில் இருந்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று பயம். ஆக, ஊருக்கே காட்டத்தான் எழுதினோம், ஆனால் அதை ஒருவரும் எங்கும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. காலையில் ஈரத்துணி வந்து துடைத்துவிட்டுப் போகும். அதைப் பற்றி நான் உட்பட யாரும் யோசிக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று காலையில் கேட்டில் பெரிய சண்டை. எங்கள் பக்கத்தில் தீபாவளியை விட ஆயுத பூஜைதான் விமரிசை. எஸ்டேட் முழுக்க மாவிலையும் பூசணிக்காயும் சாம்பிராணிப் புகையும்தான். ஆட்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருவார்கள். என் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாயிற்று. பூஜைக்காக முந்தின ராத்திரியே உலையை நிறுத்தியிருந்தார்கள். முந்தின நாள் காலை ஷிப்டும் மதிய ஷிப்டும் மட்டும் ஓடியிருந்தது. அந்த இரண்டு ஷிப்டின் எண்களை ஏற்றி, கூட்டுத்தொகையைச் சொல்லி அனுப்பிவிட்டு, பொரி கடலை வாங்கக் கிளம்பினேன்.

அப்போது நான்கைந்து பேர் என் அறைக்குள் செருப்போடு நுழைந்தார்கள். முன்னால் வந்தவன் மதிய ஷிப்டின் உலை ஆபரேட்டர். அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. "இன்னா கம்ப்யூட்டரம்மா, பொட்டிக்கு ஜுரமா, ஜில்லுன்னு வெச்சிகினு கீற?" என்று கண்ணாடிக்கு வெளியே நின்று வம்பிழுப்பதே அவனுக்கு வேலை.

"வாம்மா வெளிய. வந்து நம்பரச் சொல்லு. அந்த வாச்மேன் அவனே எழுதிகினு அவனே ஜெயிச்சிக்கீறான்!"

வாட்ச்மேன் பழைய பட்டாளத்துக்காரர். குடும்பத்தோடு ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டில் இருந்தார். பட்டாளத்தில் அவருக்குக் கொடுத்த நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தாறு. தினமும் அதையேதான் கட்டுவார், தினமும் தோற்பார். அன்றைக்கு விழுந்துவிட்டது. பலகையில் எழுதுகிறவரும் அவர்தான் என்பதால் யாரும் நம்பவில்லை. பூஜைக்கு இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் அவர் முகம் சிவந்து நின்றார்.

"என் மேல நம்பிக்கை இல்லன்னா அந்தப் பொண்ண கூப்டு. அது சொல்லட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்கள் சூதாட்டத்துக்கு நான் நடுவரா என்று கத்திவிட்டு, திரையை மறுபடி பார்த்துவிட்டு, கேட்டுக்குப் போய், பூசணிக்காய்களுக்கு நடுவே நின்று ஒவ்வொரு இலக்கமாக உரக்கச் சொன்னேன். ரெண்டு. அஞ்சு. நாலு. நாலு. ஆறு. பலகையில் இருந்ததும் அதுதான். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் ஒரு சலாம் வைத்தார். தோற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அங்கே நின்ற பெண்களுக்கு அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. "இதுக்குத்தான் எங்கூட்டுக்காரரு டீ கூட குடிக்காம வந்து தலவலி தலவலின்னு உயிர எடுக்கறாரா?" என்று ஒரு பெண் புருஷனைப் பார்த்துக் கேட்ட கேள்வியில் மொத்தக் கூட்டமும் சிரித்தது. நான் மட்டும் உர்ரென்று திரும்பி வந்தேன்.

பொங்கல் முடிந்த சமயம், எங்கள் அச்சு ஒன்று ஓடும் லாரியில் முறிந்தது. டிரைவருக்குக் கால் போயிற்று. லாரிக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து அச்சின் மேல் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் உலையில் வெந்த அச்சு. சூடு போதவில்லை, சரியாகப் பதமாகவில்லை என்றார்கள். அன்றைய உலைக் கணக்கைக் கேட்டார்கள். அவர்கள் வந்து கேட்ட அந்த வாரம் நான் தங்கை கல்யாணத்துக்கு லீவில் இருந்தேன். கம்ப்யூட்டர் அறையின் சாவி உலைப் பிரிவு சூப்பர்வைசரிடம் இருந்தது. லீவில் வேலை நிற்கக் கூடாது என்று அவருக்கு எண் ஏற்றச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

நான் திரும்பி வந்தபோது மதிய ஷிப்ட் ஆபரேட்டரை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். காலை ஷிப்டில் சூடு சரியாக இருந்ததாம். மதிய ஷிப்டில் மட்டும் நேரம் முழுக்கத் தணிந்திருந்ததாம். ஆள் உலையைக் கவனிக்காமல் தூங்கியிருக்கிறான் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை நீக்கம். அந்தக் காரணத்தோடு வெளியே அனுப்பப்பட்டவனைப் பாடியிலிருந்து ஆவடி வரை எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள் விடாது.

அவன் வேறு கதை சொன்னான். "காலைலயே உலைல ஹீட்டர் காயில் போய்ட்ச்சி. நான் வந்தப்பவே சூடு ஏறல. சூப்பர்வைசராண்ட சொன்னேன். பூஜைக்கு முன்னாடி லோடு போவணும், ஓட்றான்னு அவர்தான் சொன்னாரு." காலை ஷிப்டில் இருந்தவன் சூப்பர்வைசரின் மைத்துனன். அவனிடம் கேட்டால் ஞாபகமில்லை என்றான்.

வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாகப் போட்டார்கள். என்னை நிர்வாகத் தரப்புச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். வேலை சுலபம். "இது நம் கம்ப்யூட்டரில் இருந்த கணக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அவனைப் பிடிக்காது என்பதால் எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். எதிரே அவன் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வம்பிழுக்கும் வாய் மூடிக் கிடந்தது.

பர்சனல் ஆபீசர் தாளை நீட்டினார். "தேதி பாரும்மா. ஆயுத பூஜை அன்னிக்கு ஏத்தின கணக்கு. மிஷினே தேதி போட்டிருக்கு."

நாள் முழுக்க எண் அடிப்பவளுக்கு எந்த எண்ணும் மனதில் தங்காது. அந்தத் தாளில் இருந்த ஒரு சூட்டு அளவைக்கூட நான் ஏற்றினேனா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கண் கீழே இறங்கியது. கடைசி வரியில் கூட்டுத்தொகை இருந்தது. இரண்டு, ஆறு, நான்கு, ஒன்பது, ஒன்று.

எனக்கு மறக்காத எண் ஒன்றே ஒன்றுதான். பூசணிக்காய்களுக்கு நடுவே நின்று தொண்டை கிழியச் சொன்ன எண் அது இல்லை.

"சார், இது நான் ஏத்தின கணக்கு இல்லை" என்றேன்.

பர்சனல் ஆபீசர் முகம் மாறியது. "தேதி அதுதானேம்மா?"

"தேதியை மிஷின் போடலை சார். நான் போடறேன். யார் என்ன தேதி அடிச்சாலும் அது ஒத்துக்கும்."

அவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. விசாரணை அதிகாரியிடம், நேரில் வந்து பாருங்கள் சார் என்றேன். எல்லோரும் என் அறைக்கு வந்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. "நீங்க எப்ப சார் ரிட்டையர் ஆகறீங்க?" என்று பர்சனல் ஆபீசரைக் கேட்டேன். புரியாமல் தேதியைச் சொன்னார். அதை அடித்தேன். நாலு எண்ணை ஏற்றிச் சேமித்துவிட்டுப் பட்டியலைக் காட்டினேன். அவர் ரிட்டையர் ஆகப்போகும் நாளில் நான் உட்கார்ந்து கணக்கு ஏற்றியதாக மிஷின் கூசாமல் சொன்னது. விசாரணை அதிகாரி திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். உலை ஆபரேட்டர் முதன்முறையாக நிமிர்ந்தான்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் பர்சனல் ஆபீசர் லேசுப்பட்டவர் இல்லை.

"சரி. அப்ப இந்த மிஷின் சொல்ற எதையும் நம்ப முடியாது. நம்பலாம்னா இவன் குத்தவாளி. நம்ப முடியாதுன்னா, பொறுப்பான சூப்பர்வைசர் வாய்ச்சாட்சி இருக்கு, இவன் தூங்கினதைப் பார்த்தேன்னு. ரெண்டுல எது உங்களுக்கு வேணும் சார்?"

பழைய நகலைக் காட்டவும் வழியில்லை. நகல் எடுத்து வைக்க எனக்கு நாலே பிளாப்பிதான் கொடுத்திருந்தார்கள். அதிலேயே சுற்றிச் சுற்றி எடுத்ததில் ஆயுத பூஜை வாரத்தின் மேல் எப்போதோ வேறு வாரம் ஏறிவிட்டது.

"இதுல இருக்கற கூட்டுத்தொகை வேற சார். அன்னிக்கு கேட்டுல எழுதினது வேற. நானே போய் உரக்கச் சொன்னேன்."

"எதுக்கு?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். "வாட்ச்மேன் எழுதற நம்பரை நீ ஏன் போய்ச் சொன்னே?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் வாட்ச்மேன் வேலை போகும். டோக்கன் போட்ட அத்தனை பேர் வேலையும் ஆட்டம் காணும். சொல்லாவிட்டால் எதிரே இருப்பவன் போவான். அவனைப் பார்த்தேன். அவன் தலையை லேசாக, இல்லை என்பது மாதிரி ஆட்டினான். அந்தச் சண்டையை ஆரம்பித்ததே அவன்தான். அந்த எண்ணை வைத்துத் தான் தப்பிக்கலாம் என்பது இந்த நிமிஷம்தான் அவனுக்கும் புரிகிறது. புரிந்த கையோடு வேண்டாம் என்கிறான்.

"சந்தேகம் கேட்டாங்க, சொன்னேன்" என்று மட்டும் சொன்னேன்.

"அதைக் கேட்டவங்க யாராவது இருந்தா அடுத்த தடவை வரட்டும்" என்று விசாரணையை ஒத்திவைத்தார்.

நடுவில் ஒரு வாரம். உலைப் பக்கம், லேத் பக்கம், கேன்டீன் என்று தேடிப்போய்க் கேட்டேன். அன்றைக்குக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினவர்கள் எல்லாம் ஊமையாகிவிட்டார்கள். "எந்த நம்பரு? நமக்கு ஒண்ணியும் தெர்யாதும்மா." "நீ எதனா சொல்லிட்டுப் போய்டுவ, நாங்கதான் ரோட்ல நிக்கணும்." யூனியன் செயலாளர்கூட, வேற வழி பார்க்கலாம் என்று கைகழுவினார். அவர்களைத் திட்டவும் முடியவில்லை. சீட்டாடிப் போனவர்கள் இரண்டு பேரில் ஒருவர் பட்டரைவாக்கம் ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். தினமும் பார்த்துக்கொண்டுதான் வருகிறோம்.

கடைசியாக வாட்ச்மேனிடம் போனேன். பெல்ட் பக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எம் பொண்ணுக்கு இப்பத்தான் மாப்ள பாத்துகினு கீறேன்மா" என்றார். அதற்கு மேல் நானும் நிற்கவில்லை.

அடுத்த விசாரணை நாளில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கேட்டவர்கள் யாரும் வரவில்லை. விசாரணை அதிகாரி கதவைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். உலை ஆபரேட்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இவனைப் பிடிக்காது என்று இத்தனை நாள் சொல்லித் திரிந்தவள், இவன் ஒரு தடவை வம்பிழுத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பூட்ஸ் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் வந்து விறைப்பாக நின்றார்.

"ரெண்டு அஞ்சு நாலு நாலு ஆறு, சார்."

"எப்படி இவ்வளவு உறுதியா சொல்றே?"

"நான் ஜெயிச்ச நம்பரு சார். டீ டோக்கன் வெச்சி ஆடுவோம். அன்னிக்கி எனக்கு வுழுந்துச்சி."

விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இதைச் சொன்னா உனக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"கேட்ல அந்த ரூல எழுதி மாட்னதே நான்தான் சார்."

"ஆடினது யார் யார்?"

"நான் ஆடுனேன் சார்" என்றார். வேறு ஒரு பெயரும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

பர்சனல் ஆபீசர் எழுந்தார். சூதாடி என்று தானே ஒப்புக்கொள்கிறவன், அதுவும் ஜெயித்தவன், தனக்குச் சாதகமான எண்ணைத்தானே சொல்வான், இது என்ன சாட்சி என்றார். விசாரணை அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். அந்த மனுஷன் வேலையைத் தூக்கிக் கொடுத்தும் பலனில்லாமல் போகப்போகிறது என்று எனக்குப் புரிந்தபோது எனக்குள் ஏதோ வெடித்தது.

"பொம்பளைங்களைக் கேளுங்க சார்!" என்று எழுந்தே விட்டேன். "அன்னிக்கு பூஜைக்கு வந்திருந்தாங்க. எல்லாரும் காதால கேட்டாங்க. அவங்க யாரும் கம்பெனி ஆள் கிடையாது. யார் வேலையையும் நீங்க புடுங்க முடியாது!"

எவ்வளவு பேசிவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது. விசாரணை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரம். பாடிப் பக்கத்திலிருந்தும் எஸ்டேட்டைச் சுற்றியும் பெண்கள் தூக்கு கேரியரோடு கேட்டுக்கு வந்து நிற்கும் நேரம். "வாங்க" என்று எழுந்தார்.

கேட்டுக்குப் பக்கத்து டைம் ஆபீஸில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாக உள்ளே அனுப்பச் சொன்னார். உள்ளே போனவள் திரும்பக் கூட்டத்தில் சேரக் கூடாது. முதலில் போன பெண், தெரியாது சாமி என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். அடுத்தவள் நாற்பத்தாறு என்பதை மட்டும் சொன்னாளாம். மூன்றாவதாகப் போனவள் அன்றைக்குத் தலைவலி என்று கத்திய அதே பெண். கதவை ஒட்டி நின்ற எனக்கு அவள் பேசியது கேட்டது.

"மறப்பனா சார்? ரெண்டு அஞ்சு நாலு நாலு ஆறு. டீக்கு காசு கேட்டு வந்தா அந்த நம்பரச் சொல்லித்தான் எங்கூட்டுக்காரர இன்னிய வரிக்கும் வெரட்றேன்!"

"உன் புருஷன் பேர் என்னம்மா?" என்று பர்சனல் ஆபீசர் குறுக்கே கேட்டார்.

"அது இன்னாத்துக்கு உனுக்கு? நம்பரக் கேட்ட, சொன்னேன். கேரியர் ஆறுது, வழிய உடு."

டீக்காக வீட்டுக்கு வீடு அந்த நம்பரைச் சொல்லியே சண்டை நடந்திருக்கிறது போல, அவளுக்குப் பிறகு போனவர்களும் அதையே சொன்னார்கள். ஒருத்தி அஞ்சும் நாலும் இடம் மாற்றிச் சொன்னாள், மற்றவர்கள் பிசகாமல் சொன்னார்கள். ஒருத்திக்குக்கூடப் புருஷன் பெயர் நினைவுக்கு வரவில்லை. விசாரணை அதிகாரி வெளியே வந்து கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கணக்கில் யார் கை வைத்தார்கள் என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. விசாரணை அதிகாரியும் அதைச் சொல்லவில்லை. அந்தத் தாள் ஆயுத பூஜை அன்று இருந்த கணக்கு அல்ல, ஆகவே குற்றம் நிரூபணமாகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். உலை ஆபரேட்டருக்குத் திங்கட்கிழமை காலை வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் போயிற்று. வாட்ச்மேனுக்கும் ஒன்று போயிற்று. சூதாடியதை ஒப்புக்கொண்டதால் அதே திங்கட்கிழமை புது ஆளிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று. இரண்டையும் அச்சடித்தது நான்தான். இரண்டாவதை அடிக்கும்போது அழுதுகொண்டே அடித்தேன்.

திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து நான் நடந்து வந்தபோது இரண்டு பேரும் கேட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் வெளியே, ஒருவர் உள்ளே. வாட்ச்மேன் காக்கியில் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். புதிதாக வந்த ஆள் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு தள்ளி நின்றான்.

"இன்னாத்துக்கு அண்ணாத்தே சொன்ன?" என்று உலை ஆபரேட்டர் கேட்டான். "பொண்ணு கல்யாணத்த வெச்சிகினு யாராவது சொல்லுவாங்களா? நான் எங்கனா மூட்ட தூக்கியாவது பொழச்சிகினு இருப்பேன்ல?"

"அன்னிக்கி என்னத் திருடன்னு சொன்னவன்தானடா நீ" என்றார் அவர். "நான் எழுதுனது நெசமான நம்பருன்னு உன் முன்னாடியே சொல்லணும்னு இருந்துச்சி. சொல்லிட்டேன். உள்ள போ, டைமாவுது."

அவன் போகவில்லை. இரண்டு கையாலும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். தோள் குலுங்கியது. வாட்ச்மேன் வெளியே வந்து அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். நானும் போகவில்லை. சங்கு ஊதி ஓய்ந்தது. ஷிப்ட் ஆட்கள் எங்களைத் தாண்டிக் குனிந்த தலையோடு உள்ளே போனார்கள். பிறகு வாட்ச்மேன் தன் சாப்பாட்டுப் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஆவடிப் பக்கம் மிதித்தார். அவர் வளைவில் மறைந்த பிறகுதான் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து வருகை அட்டையை டைம் கடிகாரத்தில் பஞ்ச் செய்தான். நேரம் சிவப்பு மையில் விழுந்தது. தாமதம்.

மறுநாள் வருகைக் கணக்கை ஏற்ற உட்கார்ந்தபோது அந்த அட்டை என் கைக்கு வந்தது. அரை நாள் சம்பளம் பிடிக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் மேலே குறிப்பு எழுதியிருந்தார். நான் நேரத்தை அப்படியே ஏற்றினேன். அந்தக் கம்பெனியில் நான் ஏற்றிய நேரங்களிலேயே, யார் கேட்டாலும் எழுந்து நின்று சத்தியம் செய்யக்கூடிய நேரம் அது ஒன்றுதான்.